சுண்ணாம்பு போடாத குழி

...இல்லை, இந்த இடம் இல்லை, இங்கே மண் சரிவாக இருக்கிறது, அன்றைக்குச் சாக்கை இழுத்து வந்தபோது சரிவே இல்லை, அல்லது இருந்ததா, பதினான்கு வயதில் சரிவையெல்லாம் யார் பார்த்தார்கள்... அரிவாளை முள்ளின் அடியில் ஓங்கிப் போடுகிறேன், பாதி அறுகிறது, மீதி என் முழங்கையைக் கீறுகிறது, கீறட்டும், எனக்கு வேண்டியதுதான். முதுகுக்குப் பின்னால் மண் அள்ளும் இயந்திரம் உறுமுகிறது. காலையில் மேற்கு வேலியில் ஆரம்பித்தது, அதற்குள் பாதி நிலம் மொட்டை. தம்பி அதன் கூடவே நடக்கிறான், முகத்தில் மாப்பிள்ளைக் களை. நாளைக்கு ஆறு பசுக்கள் வந்து இறங்கப் போகின்றன. இருந்த வேலையை உதறிவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில், மறுபடியும் மாடு! "ஏக்கா முள்ளுல கெடந்து சாகுற? அதான் மிஷின் இருக்குல்ல, போய் நிழல்ல உட்காரு" என்று நாலு தடவை சொல்லிவிட்டான். உட்காரணுமாம். நான் உட்கார்ந்தால் யார் தேடுவது, எதைத் தேடுகிறேன் என்று இவனிடம் எந்த வாயால் சொல்வது?

யாரும் கவனிக்காமல் மண்டிய காடில்லை இது. அப்பா வைத்தது. அந்த வருஷம் ஒரே வாரத்தில் ஒன்பது உருப்படி போனது. காலையில் அசை போட்டுக்கொண்டு நின்ற மாடு மத்தியானம் வயிறு உப்பிக் கிடக்கும், மூக்கில் கறுப்பாக ரத்தம், உறையவே உறையாது. மாட்டு டாக்டர் படலைத் தாண்டி உள்ளேகூட வரவில்லை. "அடைப்பான்தான். கிழிக்காதீங்க, தோலுக்கு ஆசப்படாதீங்க. ஆள் உயரத்துக்கு மேல தோண்டி, சுண்ணாம்பக் கொட்டி மூடுங்க. அந்த மண்ணுல மொளைக்கிற புல்ல ஒரு மாடும் கடிக்கக் கூடாது. இந்த நோய் மண்ணுக்குள்ள சாகாது, எத்தன வருஷமானாலும் படுத்துக் கெடக்கும், தோண்டினா எந்திரிச்சு வரும்." அதனால்தான் குழியின் மேல் முள்ளை நட்டார் அப்பா, ஒரு வாயும் கிட்டே போகக் கூடாதென்று, முள் தன் பாட்டுக்கு நிலம் முழுக்கப் பரவிக்கொண்டது. அந்தப் பெரிய குழி தம்பிக்கும் தெரியும். காலையிலேயே சுற்றிலும் சிவப்புத் துணி கட்டி, இதுக்குள்ள சக்கரம் படக் கூடாது என்று ஓட்டுநரிடம் சொன்னான். நானும் பக்கத்தில்தான் நின்றேன், எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி.

அந்தக் குழியில் ஒன்பதும் இல்லை, எட்டுதான்... சுட்டி. நெற்றியில் வெள்ளைப் புள்ளி வைத்த கன்று, ஈன்றதும் தாய்ப்பசு செத்துவிட்டது, பாலில் என் விரலை நனைத்து நனைத்துக் கொடுத்து நான் வளர்த்தது, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் காலடிச் சத்தத்துக்கே கத்தும். கடைசியாகப் போனது அதுதான். அப்பா இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வாங்கக் கிளம்பினார், "நான் வர்றதுக்குள்ள அத இழுத்துட்டுப் போய்க் குழியில போட்டுரும்மா" என்றார். சாக்கில் போட்டுக் குழியின் விளிம்பு வரைக்கும் இழுத்துப் போனேன். எட்டிப் பார்த்தேன். எல்லாக் கால்களும் மேலே நீட்டிக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று... அதற்குள்ளேயா என் சுட்டி? முடியவில்லை, சத்தியமாக முடியவில்லை. சாக்கைத் திருப்பிக் கிழக்கே இழுத்துப் போய், ஒரு மரத்தடியில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிப் படுக்க வைத்தேன். சுண்ணாம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பா வந்து "கன்னு?" என்றார். "போட்டுட்டேன்ப்பா." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. கொஞ்ச நாளில் அப்பாவுக்குக் காய்ச்சல், மணிக்கட்டில் கரி அப்பின மாதிரி ஒரு புண், வலியே இல்லை என்றார், ஒரே வாரத்தில் போய்விட்டார். செத்த மாட்டையெல்லாம் தொட்டுத் தூக்கினாரே, தொற்றிக்கொண்டது என்றார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். அப்புறம் எனக்குக் கல்யாணம், மரத்தையும் யாரோ வெட்டிவிட்டார்கள், முள் மூடிவிட்டது, யார் வந்து தோண்டப் போகிறார்கள் என்று நாற்பது வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன். வெட்கம் கெட்டவள். மாடு வாங்கப் போகிறேன் என்று இவன் போன் பண்ணின அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே. அக்காதான் எனக்கு அப்பா ஸ்தானம் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறான், அவனிடம் போய்...

ஐயோ, இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இரும்புக் கை மேலே போகிறது, கிழக்கு மூலைக்கே குறி வைக்கிறது. அரிவாளைப் போட்டுவிட்டு ஓடுகிறேன், முள் சேலையை இழுக்கிறது, கிழிந்தால் கிழியட்டும், "நிறுத்து, நிறுத்துப்பா!" என்று கையை விரித்துக்கொண்டு முன்னால் நிற்கிறேன். ஓட்டுநர் தலையை நீட்டி, "ஏம்மா, சாகணும்னா வேற வண்டியப் பாருங்க!" என்று கத்துகிறான். தம்பி ஓடி வருகிறான். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் கொட்டுகிறேன், சுட்டி, சாக்கு, மரம், பொய், எதையும் விடவில்லை. "இங்கதான் எங்கயோ கெடக்குடா, இந்த மண்ணக் கிளறாத, உன் மாடெல்லாம் போயிரும்."

அவன் பதறவில்லை. அதுதான் முதலில் என்னவோ போல் இருந்தது. "இங்க இல்லக்கா. அந்தா, பத்தடி தள்ளி. இப்ப அங்க கன்னு கெடையாது. அப்பா எடுத்துட்டாரு." எப்போதுடா? "நீ பள்ளிக்கூடம் போயிருந்த. நாய் மண்ணப் பறிச்சிருந்துச்சு, அதப் பாத்துட்டாரு. நீலக் கட்டம் போட்ட சட்டையக் கழட்டி வேலியில போட்டாரு. ரெண்டு வெட்டு வெட்டினதும் மண்வெட்டிக் காம்பு ஒடிஞ்சு போச்சு, அப்புறம் கையாலேயே பறிச்சாரு. கன்னு மூஞ்சில உன் பச்சப் பாவாடத் துணி மூடியிருந்துச்சு. அப்படியே தூக்கிட்டுப் போய்ப் பெரிய குழி ஓரத்துல தனியாப் பொதச்சாரு, இங்கயும் சுண்ணாம்பு கொட்டினாரு. அக்காகிட்ட சொல்லிராதடா, அது தாங்காதுன்னாரு." பாவாடைத் துணி. அதை நானே மறந்திருந்தேன். கையாலேயா என்று கேட்கிறேன். "ம்" என்கிறான். "அவருக்கு மணிக்கட்டுல வந்த புண்ணு... அதுக்கு முன்னாடியே இருந்துச்சா, அதுக்கப்புறம் வந்துச்சா?" என்று அடுத்துக் கேட்கிறேன்.

தம்பி ஓட்டுநர் பக்கம் திரும்பிக்கொள்கிறான். "ஞாபகம் இல்லக்கா. சின்னப் பையன்தான நான்." இந்த மூலையையும் விட்டுட்டு ஓட்டுங்கண்ணே என்று அவனிடம் கைகாட்டுகிறான், இயந்திரம் பின்வாங்குகிறது. சட்டையின் கட்டம் ஞாபகம் இருக்கிறது, எத்தனை வெட்டில் காம்பு ஒடிந்தது என்பது ஞாபகம் இருக்கிறது, பாவாடையின் நிறம்கூட... இது மட்டும் இல்லையாம். இன்னொரு தடவை கேட்கலாம், கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. இது தெரிந்துகொண்டுதான், இத்தனை வருஷமும், இவன் என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டிருக்கிறான்.