முன்வரிசையில் நான் எழுந்து நின்றது

1

இந்தக் கதை ஒரு வதந்தியிலிருந்து பிறந்தது. விமானத்தில் பிசினஸ் கிளாஸில் உட்கார்ந்து, ஓசியில் கொடுத்ததை அளவில்லாமல் குடித்துவிட்டு, நான் எழுந்து நின்று ரகளை செய்தேனாம். என் சித்தப்பா மகன் தொலைபேசியில் கேட்டான்: "அண்ணே, அது நீங்கதானா?" அந்தக் கேள்வியில் இருந்த சந்தோஷத்தை நான் மன்னிக்கப்போவதில்லை.

ஆளாளுக்குத் தனித்தனியாக விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க நான் குற்றவாளி அல்ல. குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்திரிகைகளில் எப்போதாவது கதை எழுதுகிறவன். ஆகவே இதையும் கதையாகவே எழுதிவிடுகிறேன். எழுந்து நின்றது உண்மை. குடிக்கவில்லை. மீதியைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

2

கைவிட்ட தொடக்கங்களையும் இங்கேயே வைக்கிறேன். மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை.

"விமானம் மேகங்களைக் கிழித்துக்கொண்டு" (இல்லை. எனக்குக் கிடைத்தது நடைபாதை ஓரம். மேகத்தை நான் பார்க்கவே இல்லை.)

"வாழ்நாளில் முதல் தடவையாக விமானம் ஏறிய அந்த எளிய முதியவர்" (இதைப் படித்த என் மனைவி, "இது நல்லா இருக்கு, இரக்கம் வருது" என்றாள். உடனே அந்த வரியை அடித்துவிட்டேன். வேலை நிமித்தம் பலமுறை பறந்திருக்கிறேன். உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம்.)

"சம்பந்தி எடுத்துக்கொடுத்த டிக்கெட்டில்"

இந்த மூன்றாவது வாக்கியத்தில் 'சம்பந்தி' என்ற சொல்லை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். காரணம், அவர் இன்னும் சம்பந்தி ஆகவில்லை. ஆவாரா மாட்டாரா என்பதுதான் இந்தக் கதையில் பணயம். அதை ஒளித்துவைத்துக் கண்ணாமூச்சி ஆட எனக்கு வயதில்லை. என் இளைய மகளுக்கு ஒரு வரன் கூடிவந்திருந்தது. பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. பையனின் அப்பா குளியலறைச் சாமான்கள் விற்கும் பெரிய கடைக்குச் சொந்தக்காரர். கதை முடியும்வரை அவரைக் குழாய்க்கடைக்காரர் என்றே குறிப்பிடுகிறேன். (இது இகழ்ச்சி அல்ல. குழாயை மதிக்காதவன் குடிநீர் வாரியத்தில் காலம் தள்ள முடியாது.)

பையன் இன்னொரு ஊரில் ஃப்ளாட் வாங்கியிருந்தான். அதை இரண்டு அப்பாக்களும் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணம். அதற்குத்தான் அவர் இரண்டு பேருக்கும் பிசினஸ் கிளாஸ் போட்டிருந்தார்.

3

சின்ன விமானம். முன்னால் இரண்டே வரிசை பிசினஸ், அதற்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் மற்ற மனிதர்கள். இருக்கை நல்ல அகலம். வெளிர் நிறத் தோல். ஒரு பொத்தானை அமுக்கினால் முதுகுப்பக்கம் பின்னால் சாய்கிறது, இன்னொன்றை அமுக்கினால் கால்பலகை எழும்புகிறது. குழாய்க்கடைக்காரர் தன் கடைக்கு வந்த வாடிக்கையாளருக்கு ஷவரைத் திறந்து காட்டுவதுபோல் ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்டினார்.

"சாயுங்க சார். சும்மா சாயுங்க. காசு குடுத்தாச்சு."

"எனக்கு இப்படி உக்காந்துதான் பழக்கம்."

"பின்னாடி போய்ப் பாருங்க, முட்டி மோவாயில இடிக்கும். இங்க எப்படி இருக்கு? எங்க வீட்டு சோஃபா தோத்துச்சு போங்க!"

இருக்கையை நான் குறை சொல்லவில்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஆனால் ஒரு மணி நேரப் பயணத்தில் யாருக்குக் கால் மரத்துப்போகிறது? யார் தூங்கி எழுகிறார்கள்? அவ்வளவு சுகம் எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். தோலிலும் பஞ்சிலும் இருப்பது பாதிச் சுகம்தான். மீதிப் பாதி, நாம் சாய்ந்திருக்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு "வேறென்ன வேணும்?" என்று கேட்பதில் இருக்கிறது. பஞ்சை எல்லோருக்கும் வைத்துவிடலாம். அந்த நிற்கும் ஆளை எல்லோருக்கும் கொடுக்க முடியாது. அதற்குத்தான் திரை.

(இந்தப் பத்தி கட்டுரைபோல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இருக்கட்டும்.)

அன்றைக்கு அப்படி நின்றவள் என் மருமகள். என் மகனின் மனைவி.

4

தற்செயல் என்று குறைபடாதீர்கள். அந்த நிறுவனத்திடம் இருப்பதே சொற்ப விமானங்கள். அந்தத் தடத்தில் பெரும்பாலான நாள் பறப்பவள் அவள்தான். நான் அவளை எதிர்பார்த்துத்தான் ஏறினேன். சொல்லப்போனால், வருங்காலச் சம்பந்திக்கு அவளை அங்கேயே அறிமுகம் செய்துவைக்கலாம் என்று ஒரு வாக்கியம்கூட யோசித்துவைத்திருந்தேன்.

வாசலில் நின்றிருந்தாள். கொண்டை, கழுத்தில் ஸ்கார்ஃப், சிரிப்பு.

"வணக்கம் சார். உங்க சீட் முதல் வரிசையில."

சார்!

வீட்டில் "மாமா, மாத்திரை போட்டீங்களா?" என்று அதட்டுகிறவள். திகைத்துப்போய் நடந்தேன். விமானம் கிளம்புமுன் வந்து, "சார், சீட்டை நேரா வச்சுக்கோங்க" என்று அவரிடம் சொன்னாள். என்னுடையது நேராகத்தான் இருந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு தெரிந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தரகர் எங்கள் வீட்டைக் கொஞ்சம் மெருகேற்றியிருக்கிறார். 'மருமகள் ஏர்லைன்ஸ் ஆபீஸில் வேலை' என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறார். அது என் மனைவிக்குத் தெரியும். தெரிந்து, மருமகளிடம், "மாப்பிள்ளையோட அப்பாகூட மாமாவும் வருவார்மா, அன்னிக்கு மட்டும் தெரியாத மாதிரி இருந்துடு" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். எல்லோருக்கும் தெரிந்திருந்த நாடகத்தில் வசனம் கொடுக்கப்படாத ஒரே ஆள் நான்.

* என் மனைவி இந்தப் பத்தியை எடுத்துவிடச் சொல்கிறாள். எடுக்க மாட்டேன். அவள் பயந்தாள். பயந்தது மகளுக்காக. அதையும் எழுதிவிட்டேன், போதுமா?

5

இப்போது எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் பைத்தியக்காரனாகத் தெரிவேன்.

எங்கள் வீட்டில் ஒருவர் நிற்க மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. என் அப்பா போட்ட சட்டம். பாத்திரங்கள் நடுவில் இருக்கும், எல்லோரும் சுற்றி உட்காருவோம், வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்வோம். யாராவது தண்ணீர் எடுக்க எழுந்தால் அவர் திரும்பி வந்து உட்காரும்வரை ஒரு கையும் தட்டுக்குப் போகாது. கல்யாணமாகி வந்த முதல் நாள் மருமகள் பரிமாறுவதற்காகக் கரண்டியோடு எழுந்தாள். நாங்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். போலீஸ் வந்துவிட்டதென்று நினைத்தேன் என்பாள்.

சரி, விமானத்துக்கு வாருங்கள்.

தட்டுகள் வந்தன. மூடியைத் திறந்து வைத்துவிட்டு அவள் ஓரமாக நின்றாள். "குடிக்க என்ன வேணும் சார்?" விமானம் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரு கை தள்ளுவண்டியில். குழாய்க்கடைக்காரர் முடிந்தமட்டும் சாய்ந்துகொண்டு, ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டபடி, அவள் காதுபடவே என்னிடம் சொன்னார்:

"பாவம் சார் இந்தப் பொண்ணுங்க. நாள் பூரா கண்டவனுக்கும் சிரிச்சுக்கிட்டு நிக்கணும். இதுங்களை எல்லாம் எந்த வீட்ல கட்டிக்கிறாங்களோ!"

கேட்டுவிட்டார். பதில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது.

பெல்ட்டைக் கழற்றினேன். எழுந்தேன்.

"உழைப்பின் மேன்மை என்பது யாதெனில்" (இங்கே முதல் வடிவத்தில் ஒரு பக்கம் பேசியிருந்தேன். மருமகள் படித்துவிட்டுச் சொன்னாள்: "இதெல்லாம் நீங்க சொல்லவே இல்லையே மாமா. தலையில இடிச்சுக்கிட்டு 'ஆ'ன்னீங்க.")

ஆமாம், இடித்துக்கொண்டேன். மேலே சாமான் வைக்கும் பெட்டி. ஆனாலும் உட்காரவில்லை.

"சார், ப்ளீஸ் உக்காருங்க. பெல்ட் சைன் போட்டிருக்கு."

"நீ உக்காரு. நான் உக்கார்றேன்."

"சார், நான் டியூட்டில இருக்கேன்."

குழாய்க்கடைக்காரர் ரொட்டியை விழுங்கினார். "என்ன சார் ஆச்சு? ஏதாவது கொட்டிட்டாளா?"

"என் மருமக நிக்கிறா."

அவருக்குப் புரியவில்லை. அவளைப் பார்த்தார். அவள் சட்டைமேல் இருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புரிந்த கணம் எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவர் கை தானாகப் பொத்தானைத் தேடியது. அவர் இருக்கை மெதுவாக, மோட்டார் முனகலோடு, நிமிர்ந்தது. முழுதாக நிமிர்கிறவரை மூன்று பேரும் காத்திருந்தோம்.

"தரகர் ஆபீஸ்னு சொன்னாரே..."

"இதுதான் ஆபீஸ். கொஞ்சம் உயரத்துல இருக்கு, அவ்வளவுதான்."

6

இங்கே கதை முடிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பின்வரிசைகளில் கைதட்டல்கூடப் போட்டிருந்தேன். மருமகளின் கண்களில் நீர் திரண்டதாகவும் எழுதியிருந்தேன்.

"நான் எப்ப அழுதேன்?" என்றாள் அவள். "டிராலி பிரேக் சரியா விழல. அது உருண்டு உங்க கால்ல ஏறிடுமோன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க வேற நடுவுல நின்னுக்கிட்டு!"

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். குலுக்கல் அதிகமாயிற்று. அவள் குரலைத் தாழ்த்தவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்:

"மாமா, உக்காருங்க. வீட்ல நீங்க சொல்றபடி நான் கேக்கறேன்ல? இங்க நான் சொல்றபடி நீங்க கேளுங்க. பெல்ட் போடுங்க."

போட்டேன்.

கிழவன் கடைசியில் இளகிவிட்டான் என்று நிம்மதியாக மூச்சுவிடப் பார்க்கிறீர்கள். வேண்டாம். கதைகளில் எங்களைப்போன்றவர்களை உட்கார வைத்தாலே இளக வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறீர்கள். நான் இளகவில்லை. அந்த இடத்தில் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவளுக்குக் கீழ்ப்படிந்தேன். வாரியத்தில் இத்தனை காலம் வேலை பார்த்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். தட்டைத் தொடவில்லை. அவரும் அதற்குப் பிறகு தொடவில்லை. ஃப்ளாட்டைப் பார்த்தோம். அதில் குழாய்கள் நன்றாக இருந்தன. அப்படியே சொன்னேன். அவர், "வீட்ல பேசிட்டு சொல்றேன் சார்" என்றார். கல்யாணப் பேச்சில் அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீடு திரும்பியதும் மனைவி கேட்டாள்: "ஒரு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்க முடியலையா உங்களால? பொண்ணு வாழ்க்கைங்க."

"ஒரு பொண்ணை ஒளிச்சு வச்சு இன்னொரு பொண்ணைக் கட்டிக்குடுக்கிற வீடு இல்ல இது."

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. அவள் பக்கமும் நியாயம் இருந்தது என்று எழுதினால் கதை சமநிலையாக இருக்கும். எனக்குச் சமநிலை வேண்டாம்.

7

முடிவுகள்:

(அ) பையன் அப்பாவை எதிர்த்துக்கொண்டு வருகிறான். "அங்கிள், உங்க மருமக எனக்கு அக்கா மாதிரி." கல்யாணம்.

(ஆ) குழாய்க்கடைக்காரர் வீடு தேடி வந்து மருமகளிடம் வருத்தம் தெரிவிக்கிறார். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து

(இந்த வாக்கியத்தை முடிக்க என் கை மறுத்துவிட்டது. தித்திப்பு தாங்கவில்லை.)

(இ) சம்பந்தம் முறிகிறது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க செஞ்சதுதான் சரி அப்பா" என்கிறாள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பத்திரிகைக்கு அனுப்புவதாக இருந்தேன். அதற்குமுன் தாள்களை எடுத்துப்போய் என் இளைய மகள் படித்தாள். மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க அப்பா. அண்ணி பேசறது அப்படியே அண்ணி மாதிரியே இருக்கு."

"அப்புறம்?"

"மூணு முடிவுல நான் எங்க இருக்கேன்?"

"மூணாவதுல இருக்கியே. என் பக்கம் நிக்கிற."

"கண்ணைத் தொடைச்சுக்கிட்டு. உங்க வசனத்தைப் பேசிக்கிட்டு." தாள்களை வைத்தாள். "அண்ணிக்காக நீங்க எந்திரிச்சது எனக்கும் பெருமைதான். ஆனா மாப்பிள்ளை வீட்ல வேண்டாம்னா முடிஞ்சுது, வேணும்னா நடக்கும்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன கணக்கு? அவங்க பேசிட்டு சொல்லட்டும். நானும் யோசிச்சுட்டு சொல்றேன். எனக்கு அந்தப் பையனைப் பிடிக்கும். அவங்கப்பா அப்படிப் பேசினப்புறமும் பிடிக்குமான்னு இன்னும் தெரியல. அதுக்குள்ள முடிவை எழுதாதீங்க."

நியாயமாக நான் கோபப்பட்டிருக்க வேண்டும். என் கதை. ஆனால் அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்ற விதம் எங்கள் குடும்பத்தாருடையது. அதை எதிர்த்து எழுத எனக்குப் பயிற்சி இல்லை.

ஆகவே, சித்தப்பா மகனே, உறவினர்களே, வாசகர்களே: குழாய்க்கடைக்காரர் என்ன முடிவெடுத்தாலும் அது இந்தக் கதைக்கு முடிவு ஆகாது. கடைசி வரியை அவருக்குக் கொடுக்க மாட்டேன். உங்கள் ஆவலுக்காகவும் கொடுக்க மாட்டேன்.

இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் தொலைபேசி மணியடித்தது. திரையில் அவர் பெயர். நான் கை நீட்டுமுன் மகள் எடுத்துக்கொண்டாள்.

"நான் பேசறேன் அப்பா."

"உன்னோட எப்படிப் பேசுவார் அவர்?"

"பேசித்தான் பாக்கட்டுமே."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் குரல் கேட்கிறது, சொற்கள் கேட்கவில்லை. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவருகே தயங்குகிறாள். நான் எழுந்து போகவில்லை. மூடிய கதவில் காது வைப்பது எங்கள் குடும்பத்தில் கிடையாது.

உங்கள் குடும்பத்தில் உண்டென்றால், போய்க் கேளுங்கள். நான் பேனாவை மூடுகிறேன்.