தவறான விடைக்கு வரும் வரி

இணையவழிப் பட்டப்படிப்புக்கான வேதியியல் பாடத்தை அவள்தான் வடிவமைத்தாள். தேர்வில் தவறான விடையைத் தொட்டால் ஒரு விளக்கம் வர வேண்டும். அதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று, "மண்டையில் என்ன களிமண்ணா?" என்று விளையாட்டாகப் போட்டு இடத்தை நிரப்பியிருந்தாள். வேலை நெருக்கடியில் ஒரு கேள்விக்கு மட்டும் மாற்ற மறந்துவிட்டாள். பாடம் அப்படியே மாணவர்களிடம் போயிற்று.

அவள் வற்புறுத்திச் சேர்த்துவிட்ட அண்ணியும் அவர்களில் ஒருத்தி.

"நான் படிப்ப விட்டுட்டேன்," என்றாள் அண்ணி, துணி மடித்தபடி.

"ஏன் அண்ணி?"

"மண்டையில களிமண்ணான்னு கேக்குது. சும்மா சொல்லக் கூடாது, உங்க அண்ணனுக்கே இத்தன வருஷமாத் தெரியாதத கம்ப்யூட்டர் ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருச்சு!"

அண்ணி சிரித்தாள்.

"அத எழுதினது நான்தான் அண்ணி. எடுக்க மறந்துட்டேன்."

அண்ணியின் கை நின்றது.

"மெஷின்தானே திட்டுதுன்னு சிரிச்சிட்டிருந்தேன்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வரியைத் திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திருத்தியதைச் சொல்ல அண்ணியின் அறைக்குப் போகத்தான் அவளுக்குக் கால் வரவில்லை.