தார்க்கோடு

முத்துசுப்பிரமணியனுக்கு அந்த யோசனையைக் கொடுத்ததே டிவிதான். கேபிளில் ஏதோ ஒரு வெளிநாட்டுச் சேனல். வெள்ளைக்காரத் தம்பதி பாழடைந்த வீட்டை வாங்கி, பூசி மெழுகி, இரண்டு மடங்கு விலைக்குத் தள்ளிவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். பாஷை புரியாவிட்டாலும் லாபம் புரிந்தது. மனிதர் நெல் வியாபாரத்தை ஏறக்கட்டிவிட்டுத் திருநெல்வேலியில் பழைய வீடுகளை வாங்கி விற்க ஆரம்பித்தார்.

அதோடு விட்டாரா? மனைவி மஹாலக்ஷ்மிக்குப் பட்டுச்சேலை கட்டி, கேபிள்காரர் சுடலையாண்டியின் உள்ளூர்ச் சேனலில் கொண்டுபோய் நிறுத்தினார். 'அன்று இன்று' என்று நிகழ்ச்சிக்குப் பெயர். முதலில் இடிந்த வீடு; அப்புறம் டைல்ஸ் பளபளக்கும் அதே வீடு; கடைசியில் மஹாலக்ஷ்மி கைகூப்பி, "இந்த வீட்டுல ஒரு குறையும் கிடையாது. நம்பி வாங்கலாம்" என்பாள். ஊர் நம்பியது. காய்கறிக் கடையில் "டிவி அக்கா" என்று வழிவிட்டார்கள். அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஆற்றை ஒட்டிய தெருவில் தேவசிகாமணி வாத்தியார் வீட்டை வாங்கியபோதுதான் வினை வந்தது. கூடத்துச் சுவரில், ஜன்னலுக்கு மேலே, தாரால் இழுத்த ஒரு கோடு. தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டம். அந்தத் தெருவில் பல வீடுகளில் அப்படிப் போட்டு வைத்திருந்தார்கள். வாத்தியாரின் மனைவி எலிசபெத் இந்தக் கூடத்தில், அந்தத் தண்ணீரில்தான் செத்துப்போனாள். சாவியைக் கொடுக்கும்போது அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

"அந்தக் கோட்ட மட்டும் அழிச்சிராதீங்கம்மா. வாறவங்களுக்குத் தெரியணும்லா."

"அழிக்க மாட்டோம் சார்" என்றாள் மஹாலக்ஷ்மி. மனதாரத்தான் சொன்னாள்.

பழைய கூடத்தை முன்பே படம் பிடித்தாகிவிட்டது. மீதியைப் பிடிக்கிற அன்றைக்குப் போய்ப் பார்த்தால், சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என்னங்க, வாத்தியாருக்கு வாக்குக் கொடுத்திருக்கேனே!"

"கொடுத்தது நீ. நானா கொடுத்தேன்?" என்றார் முத்துசுப்பிரமணியன். "அத வச்சிக்கிட்டு எவன்ட்டி வாங்குவான்? அந்த மாதிரி வெள்ளம் எப்பயாவது ஒருக்கதான் வரும். பேசாம கேமரா முன்னால நில்லு."

நின்றாள். கைகூப்பினாள். 'குறை' என்கிற இடத்தில் வார்த்தையை விழுங்கிவிட்டாள். சுடலையாண்டி இன்னொரு தரம் எடுத்தார். இரண்டாம் தரம் நன்றாகவே வந்தது, பாவம். வீடும் விற்றது. வாங்கியவர்களை அவள் பார்க்கக்கூட இல்லை.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பாபநாசம் அணை நிரம்பிவிட்டது, ஆற்றோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போய்விட வேண்டும் என்று ரேடியோவில் சொன்னதும் மஹாலக்ஷ்மிக்குச் சோறு இறங்கவில்லை. கணவரிடம் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள்.

வாத்தியார் வீட்டுக் கதவைத் திறந்தவள் நிறைமாதக்காரி. பாத்து என்று பெயர். புருஷன் நூர்முகம்மது கடைக்குப் போயிருந்தான்; மாமியார் உள் அறையில் படுத்திருந்தாள்.

"அல்லாவே, டிவி அக்கா! இப்படி நனைஞ்சிட்டு வந்திருக்கீயளே, உள்ள வாங்க. ஆத்துப் பக்கம் வேண்டாம்னு எங்க மாமி ஒத்தக்கால்ல நின்னாக. நான்தான், அந்தக்கா முகத்தப் பாத்தா பொய் சொல்லுத முகமாவா இருக்குன்னு சொல்லி வாங்க வச்சேன்."

மஹாலக்ஷ்மி வாயைத் திறப்பதற்குள் அவள் டிவியைப் போட்டுவிட்டாள். வீடு டிவியில் வந்த பெருமையில் சுடலையாண்டியிடம் கேசட் வாங்கி வைத்திருந்தார்கள். வருகிற விருந்தாளிக்கெல்லாம் அதைப் போட்டுக் காட்டாமல் விடுவதில்லையாம். படம் ஓடியது. முதலில் பழைய கூடம், கறை படிந்த சுவர்.

"அங்கன நிப்பாட்டு தாயி."

படம் நடுங்கிக்கொண்டே நின்றது. ஜன்னலுக்கு மேலே கறுப்பாக ஒரு கோடு.

"அது என்னன்னு தெரியுதா?"

"அழுக்கு. பழைய வீடுல்லா."

"அழுக்கு இல்ல. வெள்ளத்துல தண்ணி நின்ன மட்டம். ஒரு உசிரு இங்கனதான் போச்சு. எனக்குத் தெரியும், பாத்து. தெரிஞ்சேதான் குறை கிடையாதுன்னு சொன்னேன். இன்னைக்கு அணை நெறஞ்சிட்டுன்னு சொல்லுதாங்க. நீங்க இங்கன இருக்கக்கூடாது."

பாத்து பைய எழுந்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, வெள்ளைச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"எம்புட்டு உசரம்? காட்டுங்க."

மஹாலக்ஷ்மி கையைத் தூக்கிச் சுவரில் வைத்தாள். பாத்துவின் தலைக்கும் அந்தக் கைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. பாத்து நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தாள். அடுப்பங்கரைக்குப் போய் ஒரு கரித்துண்டை எடுத்துவந்து நீட்டினாள்.

"போடுங்க. அவுக வந்ததும் எங்க உம்மா வீட்டுக்குப் போயிருதோம். ஆனா கோடு இருக்கட்டும்."

மஹாலக்ஷ்மி எக்கி நின்று கோடு போட்டாள். அது நேராக வரவில்லை. பாதி போட்டிருப்பாள், நிறுத்தி வைத்த கேசட் தானாகவே ஓட ஆரம்பித்தது. கோட்டை முடிக்கும்போது முதுகுக்குப் பின்னால் அவள் குரலே தெளிவாகக் கேட்டது.

"இந்த வீட்டுல ஒரு குறையும் கிடையாது. நம்பி வாங்கலாம்."

"அத அணைங்கக்கா" என்றாள் பாத்து. "மாமி உள்ள தூங்குதாக."