முன்பக்கம் இல்லாத மருத்துவ நிலையம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. யார் எங்கே உட்காரலாம் என்று பார்த்தே பாதி ஆயுளைக் கழிக்கிற மனிதர்கள்மேல் உள்ள எரிச்சல். சமோவாவில் இருக்கிறேன், இங்கே அது நன்றாக விளைகிறது.

முதல் வரி: ‘தெலேசியா கட்டடங்களால் மனிதர்களைக் குணப்படுத்த...’ [வேண்டாம். விருது விழாவில் வாசிப்பதுபோல் இருக்கிறது.]

2

தெலேசியா கட்டடக் கலைஞர், ஓவியரும்கூட. சவாயித் தீவில் சொந்த ஊருக்கு மருத்துவ நிலையம் கட்டினாள். ஊர்க் கூட்ட வீட்டில் முன்பக்கத் தூண்கள் தலைவர்களுக்கு, பின்பக்கம் பரிமாறுகிறவர்களுக்கு. காய்ச்சலுக்கு எதற்கு முன்பக்கம் என்று இதை வட்டமாகக் கட்டிவிட்டாள். சுவர் கிடையாது, சுற்றிலும் காற்று. எல்லாத் தூணிலும் ஒரே ஈரப்பலா இலை ஓவியம்.

திறப்பு நாளன்று கொட்டுகிற மழை. ஊரே வெளியே நின்று நனைந்தது. தலைவர்கள் உட்காராமல் மற்றவர்கள் நுழையமாட்டார்கள். தலைவர்களுக்கோ எது முன்பக்கம் என்று தெரியவில்லை.

“நீங்க போங்க,” என்றார் தலைவர்களில் ஒருவரான இயோசெஃபா.

“சேச்சே, நீங்க இருக்கும்போது நானா?” என்றார் இன்னொரு தலைவரான தாவிதா. “பின்பக்கத்துல போய் உக்காந்து தொலைச்சா என் பொண்டாட்டியே சிரிப்பா.”

“ஐயா, பின்பக்கமே இல்ல,” என்றாள் தெலேசியா.

“முதுகு இல்லாத உடம்பு உண்டாம்மா?”

நர்ஸ் லுபே தெலேசியாவின் காதைக் கடித்தாள். “ஏடி, மதியத்துக்குள்ள ஒரு நோயாளியாவது வரலேன்னா சுகாதார அதிகாரி என்னைப் பக்கத்து ஊருக்கு மாத்திடுவாரு. ஏதாவது ஒரு தூணுக்குச் சிவப்பு அடிச்சு, இதான் முன்பக்கம்னு சொல்லித் தொலை.”

தெலேசியா தூரிகையை எடுத்துவிட்டாள்.

3

இங்கே எனக்குக் கை ஓடவில்லை. சிவப்பு அடித்தால் முன்பக்கம் தலைவர்களுக்குப் போய்விடும், சிகிச்சைக்கு வருகிற கர்ப்பிணிகளுக்கு என்றைக்கும் பின்பக்கம்தான். அடிக்காவிட்டால் நர்ஸ் போய்விடுவாள். தெலேசியாவைச் சொற்பொழிவாற்ற விட்டு ஊரைத் திருத்தலாம் [எழுதிப் பார்த்தேன். எனக்கே கொட்டாவி வந்தது].

ஆகவே ஒரு பன்றியை அனுப்புகிறேன். வெட்கமில்லாமல்தான்.

மழைக்கு ஒதுங்கிய பன்றி, புதுக் கட்டிலில் ஏறிப் படுத்தபிறகுதான் எல்லார் கண்ணிலும் பட்டது. தெலேசியா தூரிகையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஊரே நாலாபக்கமிருந்தும் உள்ளே பாய்ந்தது. பன்றி தப்பிவிட்டது. யாரும் உட்காரவில்லை. நின்றவாக்கிலேயே லுபே ரத்த அழுத்தம் பார்த்தாள். தலைவர், பரிமாறுகிறவர் என்ற பேதமில்லாமல் எகிறியிருந்தது. அதிகாரி வந்தார், கூட்டத்தைப் பார்த்தார், நர்ஸ் இங்கேயே இருக்கட்டும் என்றார்.

இங்கேயே முடித்திருக்கலாம்.

4

“ஏம்மா,” என்றார் தாவிதா, “முதல்ல உள்ள வந்தது பன்னிதானே?”

“ஆமாங்கய்யா.”

“எந்தப் பக்கமா வந்துச்சு?”

“அதான் முன்பக்கம்,” என்றார் இயோசெஃபா. இருவரும் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

எல்லாரும் தெலேசியாவைப் பார்த்தார்கள். பன்றி வந்த பக்கத்தை அவள் கவனிக்கவில்லை. லுபேயும் கவனிக்கவில்லை. பன்றியை அனுப்பிய எனக்கு மட்டும்தான் தெரியும். அது வந்தது [                ] பக்கமாக.

சொல்லமாட்டேன். உங்களுக்குத் தோன்றுகிற பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஊர்ப்பக்கம் போனால் வாயைத் திறக்காதீர்கள். மழை இன்னும் விடவில்லை. உள்ளே எல்லாரும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.