அறுபத்துமூன்று வரைக்கும்தான்

டோரீனுக்கு நாற்பத்தொன்பது வயது. போன வருடமும் அதேதான், அதற்கு முந்தின வருடமும் அதேதான். அமெரிக்காவின் டுலூத் நகரில் மார்லிஸ் நடத்தும் சலூனில் தலைச்சாயம் பூசுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தன் தலையில் பழகிய கை அல்லவா!

இந்தப் புளுகுக்குக் காரணம், பக்கத்து நாற்காலியில் முடிவெட்டும் ஆர்விட். தனக்கு ஐம்பத்தைந்து என்று சொல்லியிருந்தான். இரண்டு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் சேர்ந்து மீன் வறுவல் சாப்பிடப் போகிறார்கள். தான் மூத்தவள் என்று தெரிந்தால் ஓடிவிடுவான் என்று அவளுக்கு ஒரே பயம்.

வருடத்தின் கடைசி நாள், கடை மூடும் நேரம். கணக்கர் அனுப்பிய தாளை மார்லிஸ் உரக்கப் படித்தாள்.

"ஓய்வுக்காலச் சேமிப்புக்கு அடுத்த வருஷம் சம்பளத்துல எவ்வளவு பிடிக்கணும்னு இன்னைக்கே சொல்லிடுங்க. நூத்துக்கு மூணு வரைக்கும் நீங்க போடுறதை நானும் போடுவேன், அழுதுகிட்டே. ஐம்பது ஆனவங்க வரம்புக்கு மேலயும் போடலாம். அடுத்த வருஷக் கடைசியில அறுபதுலேர்ந்து அறுபத்துமூணுக்குள்ள இருந்தா, அதைவிடக் கூடுதலா. அறுபத்துநாலு ஆயிட்டா அந்தச் சலுகை போச்சு."

டோரீனுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வீட்டுக் கடன் தீர்ந்து இப்போதுதான் கையில் மிஞ்சுகிறது. இதை விட்டால் எண்பது வயதிலும் யார் தலையையாவது அலசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மெல்லப் போய் மார்லிஸின் காதோரம் குனிந்தாள்.

"எனக்கு அந்த ரொம்பக் கூடுதலானது."

ஹேர் டிரையர் இரைச்சலில் மார்லிஸின் காது பாதி போய்விட்டிருந்தது.

"எது?"

"அறுபத்தொண்ணு ஆச்சு எனக்கு."

"அறுபத்தொண்ணா? உனக்கா?"

அந்த நேரம் பார்த்துத்தான், அதுவரை ஓடிக்கொண்டிருந்த டிரையர் நின்று தொலைத்தது.

சலூனே திரும்பிப் பார்த்தது. ஆர்விட் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். அவளைப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கினான்.

"எனக்கும் அதையே போட்டுடு மார்லிஸ்."

"உனக்கு ஐம்பத்தஞ்சுன்னே?"

"அறுபத்துமூணு. மார்ச் வந்தா அறுபத்துநாலு."

"அப்போ உனக்குக் கிடையாதுய்யா. இப்பத்தானே படிச்சேன்? வீணா வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டியே."

டோரீனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. சிரிக்கச் சிரிக்கக் கண் மை கன்னமெல்லாம் வழிந்தது.

"அடக் கிழவா, எட்டு வருஷத்தை எங்கே ஒளிச்சு வச்சிருந்தே?"

"நீ பன்னெண்டை ஒளிச்ச அதே சாய டப்பாவுலதான்."

இருவரும் பனியில் வழுக்கி வழுக்கி, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மீன் கடைக்கு நடந்தார்கள். பாதி வழியில் அவள் நின்றாள்.

"மார்லிஸ் படிச்சது உன் காதுல விழலையா?"

"நல்லாவே விழுந்துச்சே."

"பின்ன எதுக்குக் கையைத் தூக்கினே?"

ஆர்விட் அவள் கழுத்துத் துண்டை இழுத்து இறுக்கிவிட்டான்.

"நீ அங்கே தனியா நின்னுகிட்டிருந்தே."