சகலை வீட்டு ஊஃபர்

மாரிசெல்வத்துக்கு ஒரே ஒரு சகலைதான். வயிறு எரிய அந்த ஒருத்தரே போதுமானவராக இருந்தார். அவன் பெண்டாட்டி தங்கலட்சுமியின் அக்காள் செல்வலட்சுமியைக் கட்டிய உதயகுமார், நரிக்குடியில் பொக்லைன் வைத்திருக்கிறவர். மாரிசெல்வம் திருச்சுழியில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறவன். சுற்றுப்பட்டிப் பெட்டிகளையெல்லாம் பாட வைக்கிறவன் வீட்டில் பாட ஒரு நல்ல பெட்டி கிடையாது. பாட்டுக்கும் பொக்லைன் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத உதயகுமார் வீட்டு ஹாலில் ஐந்து ஸ்பீக்கர், மூலையில் ஆட்டுக்குட்டி உயரத்துக்குத் தனியாக ஒரு சப்ஊஃபர். இது எந்த ஊர் நியாயம் என்று அவன் கேட்காத நாளில்லை. மனசுக்குள்தான்.

தங்கலட்சுமி அக்காள் வீட்டுக்குப் போய்வந்தால் நாலு நாளைக்கு ஊஃபர் புராணம் ஓடும். பாட்டுப் போட்டால் அலமாரியில் டம்ளர் ஆடுகிறதாம், சத்தம் காதில் கேட்கவில்லையாம், நெஞ்சில் கேட்கிறதாம். அவள் அவனைக் குத்திக்காட்டவில்லை, ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு ஒரு சண்டையாவது போட்டிருப்பான்.

ஆயுத பூசை முடிந்த மூன்றாம் நாள், அந்த ஊஃபர் ஊமையாகிவிட்டது என்று போன் வந்தது. கேட்டதும் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது அவனுக்கு. வேலை வந்த சந்தோஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது பொய் என்று அவனுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனார்கள். உதயகுமார் கசங்காத சட்டையில் சோபாவில் சாய்ந்திருக்க, மாரிசெல்வம் தரையில் முட்டிபோட்டு வேலையைத் தொடங்கினான். மற்ற ஐந்து ஸ்பீக்கரும் நன்றாகப் பாடின. ஊஃபரில் லைட் எரிந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. சத்தம் வைக்கிற திருகு பாதியில் நின்றது, அதுவும் சரிதான். பாட்டு வருகிற ஒயரைப் பெட்டியின் முதுகிலிருந்து உருவினான். ஒயரின் முனை வெள்ளையாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், அது சொருகுகிற துளை முழுக்கக் காய்ந்த சந்தனம்.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூசைக்குத் துடைக்கிறபோது ஒயரைக் கழற்றியிருக்கிறார்கள். கண் மாதிரித் தெரிந்த வட்டத்திலெல்லாம் செல்வலட்சுமி சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருக்கிறாள். அப்புறம் அதன் மேலேயே ஒயரைக் குத்தியிருக்கிறார்கள். வருசாவருசம் இந்த வாரத்தில் அவன் கடைக்கு இப்படிப் பொட்டு வைத்துக்கொண்ட சாமான்கள் நாலைந்தாவது வந்துவிடும். ஒரு ஊசி, கொஞ்சம் ஸ்பிரிட், ஐந்து நிமிசம், அவ்வளவுதான் வைத்தியம்.

ஊசியைக் கையில் எடுத்தும்விட்டான். அந்த நேரம் பார்த்து உதயகுமார் கொட்டாவி விட்டுக்கொண்டே, "சீக்கிரம் பாருங்க தம்பி, சாயந்தரம் ஆளுக வாராக பாட்டுக் கேக்க" என்றார். பக்கத்திலேயே தங்கலட்சுமி அந்தப் பெட்டியின் பளபளப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். இத்தனை ஆசையாக அவள் தன் வீட்டுச் சாமான் எதையும் தடவி அவன் பார்த்ததில்லை. ஊசியைப் பைக்குள் போட்டான்.

"காயிலு கருகிருச்சுண்ணே. போர்டும் போயிருச்சு."

"லைட்டு எரியுதே தம்பி?"

"லைட்டு எரியும்ணே. உள்ள ஆளு போயாச்சு."

செல்வலட்சுமிக்கு நம்பிக்கை வரவில்லை. அருப்புக்கோட்டையில் பெரிய கடையில் ஒரு தடவை காட்டினால் என்ன என்று புருசனைப் பார்த்தாள். மாரிசெல்வம் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் தங்கலட்சுமி எழுந்து நின்றுவிட்டாள்.

"எங்கயும் காட்ட வேணாம்க்கா. அவுக கை வச்சு எந்திரிக்காத பெட்டிய வேற எவனும் எழுப்ப முடியாது. தொழில்ல அவுக பொய் சொன்னதில்ல. அதுக்கு நான் பொறுப்பு."

அவள் அப்படி நினைப்பது அதுவரை அவனுக்குத் தெரியவே தெரியாது. இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் உதயகுமார் சிரித்துக்கொண்டே போனை எடுத்து, கடைக்காரரிடம் இதைவிடப் பெரிதாக ஒன்று அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மாரிசெல்வத்துக்கு மறுபடி வயிறு பற்றிக்கொண்டது. எடுத்த வாயை மூடிக்கொண்டான். செத்த பெட்டியை உதிரிச் சாமானுக்காவது ஆகட்டும் என்று அவனுக்கே கொடுத்துவிட்டார் உதயகுமார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு திருச்சுழிவரை வந்தாள் தங்கலட்சுமி.

மறுநாள் காலை கடையில் பின்பலகையைக் கழற்றித் துளையைச் சுத்தம் பண்ணினான். பாட்டைப் போட்டதும் மேசையில் கிடந்த திருகாணிகள் குதித்தன. நெஞ்சில் கேட்கிறது என்று அவள் சொன்னது நிஜம்தான். இனி இது என் பெட்டி என்று ஒரு பாட்டு முழுவதும் சந்தோஷமாக இருந்தான். பாட்டு முடிந்ததும்தான் யோசனை வந்தது. இதை வீட்டில் வைத்துப் பாட விட முடியுமா? சரியாகிவிட்டது என்று சொன்னால், செத்துப்போச்சு என்று ஏமாற்றித் தட்டிக்கொண்டு போனான் என்பாள் செல்வலட்சுமி. பொறுப்பு என்று சொன்னவள் அக்காள் முன்னால் எப்படி நிமிர்ந்து நிற்பாள்? அதைவிட, அவனை எப்படிப் பார்ப்பாள்?

மத்தியானச் சோற்றோடு தங்கலட்சுமி தெருமுனையில் யாரிடமோ பேசிக்கொண்டு வருவது கேட்டது. மாரிசெல்வம் ஒயர் வெட்டுகிற கட்டரை எடுத்தான். பெட்டியின் முதுகு வழியாகக் கையை விட்டு, ஸ்பீக்கர் கூம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகிற மெல்லிய பின்னல் கம்பிகள் இரண்டையும், எவராலும் திரும்ப ஒட்ட முடியாதபடி வேரோடு நறுக்கினான். இருபது வருசத் தொழிலில் நல்ல பெட்டி ஒன்றை அவன் கெடுத்தது அதுதான் முதல் தடவை.

தங்கலட்சுமி தூக்குவாளியை வைத்துவிட்டுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஒங்க மேல சந்தேகமில்ல. ஆசதான். ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கவா?"

அவனே பாட்டைப் போட்டுவிட்டான். லைட் எரிந்தது. அவள் காதைப் பெட்டியில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம் முந்தானையால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

"போகட்டும். அக்கா வீட்டு டம்ளரு ஆடட்டும். எனக்கு ஒங்க வாயில வார சொல்லு போதும்" என்று சொல்லிச் சோற்றைப் போட்டாள்.