நூறு செல்லில் எத்தனை

கணவருடைய மூளையில் உடைசல் நிறைய இருக்க வேண்டும் என்று எந்த மனைவியாவது வேண்டிக்கொள்வாளா? இவள் வேண்டிக்கொண்டாள்.

ஆய்வகத்தில் அவளுக்கு எண்ணுகிற வேலை. இறந்தவர்கள் தானமாகத் தந்த மூளையை மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல்லுக்குள் டி.என்.ஏ. அறுந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளியாகத் தெரியும். வயதானால் யாருக்கும் கொஞ்சம் அறுந்துதான் கிடக்கும். அல்சைமர் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் கூடுதல். நூறு செல்லைப் பார்த்து, புள்ளி விழுந்தவை எத்தனை என்று எழுத வேண்டும். இருபது வருடமாக இதே பிழைப்பு.

தகட்டில் பெயர் இருக்காது, எண்தான். யாருடையது என்று தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். ஆனால் அவள் கணவரின் தகட்டை மட்டும் ஆய்வகத்தை நடத்தும் டாக்டரம்மா தனித் தட்டில் வைத்து, "இதை அக்கா தொடக் கூடாது" என்று சீட்டு ஒட்டியிருந்தார். படித்தவர்களின் புத்தியே புத்தி!

கூட எண்ணுகிறவன், லென்ஸில் ஓயாமல் தூசி தேடுவதால் 'தூசி' என்றே பெயரானவன், சாப்பிடப் போன நேரத்தில் அதை எடுத்தாள்.

பஸ் ஓட்டிய மனுஷன். முப்பது வருடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அல்சைமர் முற்றிய கடைசி வருடம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார்: "உன்னக் கட்டுனதுல இருந்து ஒரு நாள்கூட நான் சந்தோஷமா இருந்ததில்ல." ஆள் தெரியாமல் சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். அது நோயின் பேச்சு என்று மகள் சொன்னாள், வைத்தியம் பார்த்த டாக்டர் சொன்னார். அவளுக்குக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

எண்ணினாள். ஒன்பது. நோயில்லாதவர்களுக்கே அந்த வயதில் பன்னிரண்டு வரும். மறுபடி எண்ணினாள். ஒன்பதேதான். மங்கலாகத் தெரிந்த இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. சேர்த்தாலும் பதினொன்றுதான்.

தூசி வந்து பக்கத்தில் நின்றான். அவள் மறைக்கவில்லை.

"ஒருத்தர மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாதுக்கா. இது கம்மியா இருந்தாலும் நோய் நோய்தான். வேற விதத்துல கெடுத்திருக்கும்."

"தெரியும்டா. இங்க வர்ற குடும்பங்களுக்கெல்லாம் இத நான்தான சொல்லி அனுப்புறேன்."

"அப்புறம் என்னக்கா?"

"எல்லாரும் தலையாட்டிட்டுப் போவாங்க. நம்பிட்டாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்."